சுப்ராவா கேமனா, பட்டர்வொர்த் தம்பி கேட்டதுக்கு என் பதில்

தம்பி, நீங்க கேட்டது இதுதானே. வீடு பட்டர்வொர்த், வேலை பாயான் லெப்பாஸ், வீட்ல இருக்குற மைவி அப்படியே இருக்கட்டும், 4 லட்சம் வெள்ளிக்குள்ள ஆசைக்கு ஒரு காடி எடுக்கணும், ரீகன்ல, அதாவது வெளிநாட்டுல ஓடி இங்க இறக்குமதியாகுற காடிங்கள்ல, டொயோட்டா ஜிஆர் சுப்ரா 3.0 ஒன்னும் போர்ஷே 718 கேமன் எஸ் ஒன்னும் பாத்து வச்சிருக்கீங்க, சுப்ராவுக்குத்தான் பவர் கூட ஆனா மனசு கேமன் பக்கம் போகுது, எதை எடுக்குறதுன்னு. நான் கேஎல்ல செகாம்புட் பக்கம் 14 வருஷமா கான்டினென்டல் காடி ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன், இந்த ரெண்டு காடியும் என் கை வழியா நெறைய போயிருக்கு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

மொதல்ல என் பதில சொல்லிடுறேன், உங்களுக்கு கேமன். ஆனா நீங்க பாத்து வச்சிருக்குற அந்தக் கேமனையே எடுங்கன்னு நான் சொல்லல, அது ஏன்னு பின்னாடி வர்றேன்.

பவர் விஷயத்த மொதல்ல முடிச்சிருவோம், ஏன்னா நீங்க அதுலதான் மாட்டிக்கிட்டு இருக்கீங்க. ஜப்பான்ல இருந்து வர்ற சுப்ரா ஆர்செட், அதாவது அந்த 3.0, 2019-ல வந்தப்ப 340 பிஎஸ் (குதிரைத்திறன்), 2020 அப்டேட்டுக்கு அப்புறம் 387 பிஎஸ், டார்க், அதாவது இழுக்குற பலம், ரெண்டுலயும் 500 நியூட்டன் மீட்டர். கேமன் எஸ் 350 பிஎஸ், 420 நியூட்டன் மீட்டர். பேப்பர்ல பாத்தா சுப்ரா மேலதான். ஆனா சுப்ரா எடை 1,520-ல இருந்து 1,530 கிலோ, கேமன் எஸ் பிடிகே கியர்பாக்ஸோட 1,385 கிலோ. பவர எடையால வகுத்துப் பாருங்க, 387 பிஎஸ் சுப்ராவும் சரி கேமன் எஸ்ஸும் சரி டன்னுக்கு சுமாரா 253 பிஎஸ், ரெண்டும் ஒன்னுதான். பழைய 340 பிஎஸ் சுப்ரான்னா 223 பக்கம், கேமன விட கீழ போயிடுது. யூகே வழியா வர்ற சுப்ரா 2020-க்கு அப்புறமும் 340-லயேதான் நிக்குது, ஏன்னா அந்த 387 யூரோப்புக்குக் குடுக்கல, அதனால விக்கிறவரு 387-ன்னு சொன்னா காடி எந்த நாட்டுல இருந்து வந்துச்சுன்னு கேளுங்க.

இன்னொரு விஷயம், இது நெறைய பேரு ஏமாந்து போற இடம். ஜப்பான்ல சுப்ரா மூனு கிரேடுல வந்துச்சு, எஸ்செட், எஸ்செட்-ஆர், ஆர்செட். மொத ரெண்டும் 2.0 லிட்டர் நாலு சிலிண்டர், 197 பிஎஸ்ஸும் 258 பிஎஸ்ஸும். வெளிய இருந்து பாத்தா ஒரே காடி மாதிரிதான் இருக்கும், ரிம் மாத்தி பேட்ஜ் மாத்திட்டா நம்மளால கண்டுபிடிக்க முடியாது. பேப்பர்ல சிசி பாருங்க, 2,997-ன்னோ 2,998-ன்னோ இருக்கணும், 1,998-ன்னு இருந்தா அது நீங்க தேடுற காடி கிடையாது.

சரி, ஏன் கேமன்னு சொல்றேன். ரெண்டு காடியையும் டேப் வச்சி அளந்தா நீளம் ரெண்டும் 4.38 மீட்டர், வீல்பேஸ் சுப்ரா 2,470 மில்லிமீட்டர் கேமன் 2,475, உயரம் 1,290-ம் 1,295-ம், அண்ணன் தம்பி மாதிரிதான். டொயோட்டா சுப்ராவ பண்ணும்போது கேமனத்தான் கண்ணு முன்னாடி வச்சிருந்தாங்க, அது ஒளிஞ்ச விஷயம் இல்ல. ஆனா எஞ்சின் எங்க இருக்குன்றதுலதான் எல்லாம் மாறுது. சுப்ராவுக்கு முன்னாடி நீளமா ஆறு சிலிண்டர் எஞ்சின், நீங்க உக்காருறது கிட்டத்தட்ட பின் டயர் மேல, ஸ்டியரிங் திருப்பினா மூக்கு உங்களுக்கு ரொம்ப தூரத்துல எங்கயோ திரும்புற மாதிரி இருக்கும். கேமன்ல எஞ்சின் உங்க முதுகுக்குப் பின்னாடி, மூக்குல வெறும் ரேடியேட்டரும் சாமான் வைக்கிற இடமும்தான், நீங்க நடு காடியில உக்காந்திருக்கீங்க, கையத் திருப்பின அந்த நொடியே காடி உங்க இடுப்போட சேந்து திரும்பும். இத எத்தன பேருக்கு வாயால சொன்னாலும் புரியாது, ஒரு தடவ ஓட்டினா போதும்.

இது நம்ம ஊருக்கு ஏன் முக்கியம்னா, நம்ம எங்க வேகமா ஓட்டப் போறோம் தம்பி, பிளஸ் ஹைவேல 110-தான் சட்டம், பினாங்கு பாலம் 13.5 கிலோமீட்டர் காலையில நீங்க போற நேரத்துக்கு முழுசா ஜேம். 350 பிஎஸ்ஸோ 387 பிஎஸ்ஸோ, ரெண்டையும் செகண்ட் கியர்லயே முழுசா திறந்தா சம்மன் வந்துரும், இல்லன்னா யாராவது ஒருத்தர் வீட்ல அழுவாங்க. உங்க பக்கத்துல என்ன ரோடு இருக்குன்னு பாருங்க. தெலுக் பஹாங்ல இருந்து அணைக்கட்டு தாண்டி தித்தி கெராவாங் வழியா பாலிக் புலாவ் இறங்குற ரோடு, ஞாயித்துக்கெழம காலையில 6 மணிக்கு, டுரியான் கடைங்க தொறக்குறதுக்கு முன்னாடி. அங்க நீங்க போற வேகம் 50, 60. வளைவு மேல வளைவு, ரோடு ஒடுக்கம், நெழல்ல ஈரம் காயாம இருக்கும், எதுக்க வேன் வரும். அந்த 60-ல எந்தக் காடி உங்களோட பேசுதோ அதுக்குத்தான் இந்த 4 லட்சத்தயும் குடுக்குறீங்க. கேமன் 60-ல பேசும். சுப்ரா நல்லா பேச ஆரம்பிக்க 100 தாண்டணும், அதுக்கு கீழ அது ஒரு நல்ல, பலமான, சொகுசான காடி, அவ்வளவுதான். அகலமும் பாருங்க, சுப்ரா 1,865 மில்லிமீட்டர், கேமன் 1,801. இந்த 6 சென்டிமீட்டர் ஷோரூம்ல தெரியாது, அந்த ரோட்ல எதுக்க லாரி வந்தா தெரியும், ஜார்ஜ்டவுன் பார்க்கிங்ல கதவு தொறக்கும்போதும் தெரியும்.

சுப்ராவ நான் மட்டம் தட்டல, அதுக்குள்ள இருக்குற பி58 எஞ்சின் மேல எனக்கு ரொம்ப மரியாதை. பிஎம்டபிள்யூ பண்ணின எஞ்சின்லயே இந்தக் காலத்துல இதுதான் உறுதின்னு நான் தைரியமா சொல்வேன். இந்தக் காடி பேருதான் டொயோட்டா, பிஎம்டபிள்யூ செட்4-ஓட கூடப்பிறந்தது, ரெண்டையும் ஆஸ்திரியாவுல கிராஸ்ல மேக்னா ஸ்டெயர் ஃபேக்டரியிலதான் செஞ்சாங்க. இதே பி58 நம்ம ஊர்ல எம்340ஐ-ல இருக்கு, எக்ஸ்5 45இ-ல இருக்கு, அதனால ஃபில்டர், காயில், சென்சார்னு எது வேணும்னாலும் கிள்ளான் பள்ளத்தாக்குலயும் பினாங்குலயும் சாயங்காலத்துக்குள்ள கெடச்சிரும், கை வைக்கத் தெரிஞ்ச மெக்கானிக்கும் ஊருக்கு நாலு பேரு இருக்காங்க. சுப்ராவோட செட்எஃப் எட்டு கியர் ஆட்டோ பாலம் ஜேம்ல வெண்ணெ மாதிரி ஊரும், கேமனோட பிடிகே ரெண்டு கிளட்ச் பெட்டி, ஜேம்ல இஞ்ச் இஞ்சா நகரும்போது கொஞ்சம் தயங்கும், அதுல ஒரு ரிப்பேர்னு வந்தா செலவு பெருசு. தினமும் பாலம் ஜேம், மாசத்துக்கு நாலு தடவ கேஎல்லுக்கு பிளஸ்ல ஓட்டம், வளைவு ரோடு பக்கமே போறதில்லன்னு நீங்க எழுதியிருந்தா யோசிக்காம சுப்ரான்னு சொல்லியிருப்பேன். ஆனா நீங்களே ஞாயித்துக்கெழம மல ரோட்டத்தான் மொதல்ல எழுதியிருக்கீங்க, கம்பெனி வேன் இருக்கு காடி வேலைக்குப் போகாதுன்னும் சொல்லியிருக்கீங்க.

சத்தம் பத்தி ஒளிக்காம சொல்லிடுறேன். கேமன் எஸ் நாலு சிலிண்டர் பாக்ஸர், அதாவது சிலிண்டருங்க ரெண்டு பக்கமும் படுத்திருக்குற எஞ்சின், 2,497 சிசி டர்போ. ஸ்டார்ட் பண்ணினா பழைய சுபாரு மாதிரி ஒரு கரகரப்பு வரும். 981-னு இதுக்கு முன்னாடி வந்த மாடல்ல ஆறு சிலிண்டர், அந்த சத்தம் கேட்டவங்களுக்கு இது மனசு ஒட்டாது. 1950-கள்ல ரேஸ் ஓடின 718-ம் நாலு சிலிண்டர் பாக்ஸர்தான், பேரு அங்கிருந்துதான் வந்துச்சு, ஆனா அந்தக் கதைய சொன்னா காதுக்கு சமாதானம் ஆகாது. சுப்ராவோட ஆறு சிலிண்டர் இதவிட அழகா பாடும். சத்தம்தான் உங்களுக்கு எல்லாம்னா வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கேமனுக்குப் பக்கத்துல அஞ்சு நிமிஷம் நின்னு கேளுங்க.

718 கேமன்லயே ஜிடிஎஸ் 4.0 எடுத்தா ஆறு சிலிண்டர் வருமேன்னு கேப்பீங்க. வரும், 3,995 சிசி. இப்ப ரோட்டெக்ஸ் (சாலை வரி) கணக்கப் பாருங்க. தீபகற்ப மலேசியாவுல தனியார் காடிக்கு 2,000-ல இருந்து 2,500 சிசி வரைக்கும் 380 வெள்ளி, 2,000-க்கு மேல ஒவ்வொரு சிசிக்கும் 1 வெள்ளி, அப்ப கேமன் எஸ்ஸுக்கு வருஷத்துக்கு 877. 2,500 தாண்டினா அடிப்படை 880, மேல ஒவ்வொரு சிசிக்கும் 2.50, சுப்ராவுக்கு 2,125. 3,000 தாண்டினா அடிப்படை 2,130, மேல ஒவ்வொரு சிசிக்கும் 4.50, ஜிடிஎஸ் 4.0-க்கு 6,607.50. வருஷா வருஷம். 981 எஸ்ஸுக்கே 3,436 சிசி, 4,092 வெள்ளி. சத்தத்துக்கு இவ்ளோ குடுக்க மனசு இருந்தா குடுங்க, அது தப்பில்ல, ஆனா கணக்கு தெரிஞ்சு குடுங்க.

நீங்க கேக்காத ஒன்னையும் சொல்றேன். எஸ் இல்லாத சாதா 718 கேமன், 1,988 சிசி, 300 பிஎஸ், 380 நியூட்டன் மீட்டர், ரோட்டெக்ஸ் 374 வெள்ளி. அந்த ஸ்டியரிங், அந்த எடை, அந்த உக்காருற இடம் எல்லாம் இதுலயும் அதேதான். தித்தி கெராவாங் ரோட்ல எஸ்ஸுக்கும் இதுக்கும் உங்களால வித்தியாசம் கண்டுபிடிக்கிறது கஷ்டம், நேர் ரோட்லதான் தெரியும். நல்ல ஹிஸ்டரியோட ஒரு சாதா கேமன் கெடச்சா, மிச்சம் வர்ற காசுக்கு நாலு டயரும் பிரேக்கும் புதுசா போட்டு ரெண்டு வருஷ சர்வீஸும் பாத்துரலாம். எனக்கே இன்னிக்கு எடுக்கணும்னா இதத்தான் எடுப்பேன். செப்பாங் ட்ராக் டேக்கு வருஷம் ஒரு தடவ போகணும்னு எழுதியிருந்தீங்க, அங்க 5.543 கிலோமீட்டர்ல ரெண்டு நீள ஸ்ட்ரெய்ட் இருக்கு, அங்க எஸ் நல்லா இருக்கும், ஒத்துக்குறேன். ஆனா அந்த ஸ்ட்ரெய்ட் முடிவுல பிரேக் அழுத்தும்போது கேமன் 130, 140 கிலோ லேசா இருக்குறது அதவிட பெரிய வரம், நம்ம வெயில்ல பிரேக் ஆயில் கொதிக்கிறது சின்ன விஷயம் இல்ல. எந்தக் காடி எடுத்தாலும் ட்ராக்குக்குப் போறதுக்கு முன்னாடி பிரேக் ஆயில மாத்திட்டுப் போங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். சுப்ராவா கேமனான்றதவிட, எந்தச் சுப்ரா எந்தக் கேமன்றதுலதான் காசு போகும். ரீகன்னா ஏபின்ற இறக்குமதி பெர்மிட்ல வர்ற காடி, 1-ல இருந்து 5 வருஷத்துக்குள்ள வயசு, ஜப்பான்ல இருந்தோ யூகேல இருந்தோ வரும். ஜப்பான் காடின்னா ஆக்‌ஷன் ஷீட், அதாவது அங்க ஏலத்துல காடியோட நெலமய எழுதின தாள், ஒரிஜினல் கேளுங்க, ஃபோட்டோகாப்பி காட்டினா சேசிஸ் நம்பர வச்சி நீங்களே தனியா வெரிஃபை பண்ணுங்க, அதுக்கு சின்ன காசுதான். கிரேடு 4.5, 5 நல்லது, ஆர்ன்னோ ஆர்ஏன்னோ போட்டிருந்தா அடிபட்டு ரிப்பேர் பண்ணின காடி, எவ்ளோ அழகா இருந்தாலும் வேணாம். கீழ காடி படத்துல ஏ1-ன்னா சின்ன கீறல், யூன்னா நசுங்கல், டபிள்யூன்னா தட்டி பெயின்ட் அடிச்ச இடம், ரெண்டு எக்ஸ் சேந்து இருந்தா அந்த பேனலே மாத்தினது. யூகே காடின்னா லிஃப்ட்ல ஏத்தி அடியில பாருங்க, அங்க குளிர் காலத்துல ரோட்டுக்கு உப்பு போடுறாங்க, சஸ்பென்ஷன் போல்ட், பிரேக் பைப், எக்ஸாஸ்ட் எல்லாம் துரு புடிச்சிருக்கும், மேல பாத்தா கண்ணாடி மாதிரி மின்னும். மீட்டரும் மைல்ல இருக்கும்.

போன வருஷம் ஒரு கஸ்டமர் ஒரு கேமன் கொண்டாந்தாரு, ஒரு கடையில எடுத்து நாலே மாசம். ஏசி குளிரலன்னு வந்தாரு. முன் பம்பர கழட்டினா ஒரு பக்க கண்டென்சர் புதுசு, இன்னொன்னு பழசு, நடுவுல இருக்குற சட்டம் வளைஞ்சு தட்டி நிமித்தினது, போல்ட்ல பெயின்ட் உரிஞ்சிருக்கு. முன்னாடி இடிச்ச காடி. அவரு கிட்ட ஆக்‌ஷன் ஷீட்டே இல்ல, கேக்கவும் இல்ல. அஞ்சு வருஷமா சேத்து வச்ச காசு, அவரு முகத்த எனக்கு இன்னும் மறக்க முடியல, அதனாலதான் இத இவ்ளோ அழுத்திச் சொல்றேன். பம்பர் கழட்டி பாக்க அரை மணி நேரம் அதிகம், கடைக்காரரு ஒத்துக்கலன்னா அந்தக் காடிய விட்டுருங்க.

அந்த முன் பம்பர் கேமனுக்கு வேற விதத்துலயும் முக்கியம். ரேடியேட்டரும் ஏசி கண்டென்சரும் பம்பர் ரெண்டு ஓரத்துலயும் இருக்கு, முன்னாடி வலை கிடையாது, காஞ்ச இலை, பிளாஸ்டிக் பை, சருகு எல்லாம் உள்ள போய் உக்காந்துக்கும், நம்ம மழைக்கு ஊறி அங்கயே அரிக்க ஆரம்பிச்சிரும். வருஷத்துக்கு ஒரு தடவ கழட்டி சுத்தம் பண்ணி, ஒரு அலுமினிய வலை போட்டுட்டா பத்து வருஷம் கவல இல்ல.

கேமன் கேட்டீங்கன்னா கட்டாயம் போர்ஷே டெஸ்டர் பிவிஸ் வச்சி எஞ்சின் கம்ப்யூட்டர படிக்கச் சொல்லுங்க. அதுல எஞ்சின் எத்தன மணி நேரம் ஓடியிருக்குன்னு இருக்கும். மீட்டர்ல 20,000 கிலோமீட்டர் காட்டி கம்ப்யூட்டர்ல 600 மணி நேரம்னா மணிக்கு 33 கிலோமீட்டர், நம்பலாம். அதே 20,000-க்கு 2,000 மணி நேரம்னா மணிக்கு 10 கிலோமீட்டர், அப்படி யாரும் ஓட்ட மாட்டாங்க, மீட்டர சுத்தியிருக்காங்க. எஞ்சின் ரெட்லைன் தாண்டினது ஆறு ரேஞ்சா பதிவாகி இருக்கும், பிடிகே காடியில மேல் ரேஞ்சுங்க பூஜ்யமா இருக்கணும், அங்க நம்பர் இருந்தா ஏன்னு கேளுங்க. சுப்ராவுக்கு கூலன்ட் டேங்க் லெவல் குறையுதான்னு பாருங்க, ஆயில் ஃபில்டர் ஹவுசிங் பக்கம் ஈரம் இருக்கான்னு பாருங்க, கியர் ஆயில் வாழ்நாளுக்கும் மாத்த வேணாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, செட்எஃப் கம்பெனியே 80,000-ல இருந்து 120,000 கிலோமீட்டருக்குள்ள மாத்தச் சொல்லுது.

சின்ன சின்னது சிலது. ரெண்டுலயும் ரெண்டே சீட், ரெண்டுலயும் ஸ்பேர் டயர் கிடையாது, ரெண்டுலயும் முன் டயரும் பின் டயரும் வேற சைஸ், அதனால சுத்தி மாத்திப் போட முடியாது. பெட்ரோல் ரோன் 97 அடிங்க, நல்ல ஓட்டத்துக்குப் போற அன்னிக்கு பெட்ரோன் ஸ்டேஷன்ல ரோன் 100 கெடைக்குது. சுப்ராவுல ரெண்டு ஜன்னலும் எறக்கிட்டு ஓட்டினா காதுல டம் டம்னு காத்து அடிக்கும், அது ரிப்பேர் இல்ல அந்த மாடலோட குணம். சாமான் வைக்க கேமன்ல முன்னாடி 150 லிட்டர் பின்னாடி 275, உங்க வீட்டம்மாவோட ரெண்டு நாள் ஈப்போ போய்ட்டு வர இது தாராளம். ஜப்பான் காடின்னா ரேடியோ அலைவரிசையும் வேற, அங்க 76-ல ஆரம்பிச்சு 90 சொச்சத்துல முடிஞ்சிரும், நம்மளுது 88-ல இருந்து 108, அதனால ராகா, மின்னல் எஃப்எம் ரெண்டும் கேக்குதான்னு கடையிலயே ஆன் பண்ணிப் பாருங்க.

இன்சூரன்ஸ்ல ரெண்டு விஷயம். அக்ரீட் வேல்யூல, அதாவது முன்னாடியே பேசி முடிவு பண்ணின விலையில போடுங்க, மார்க்கெட் வேல்யூல போட்டீங்கன்னா நாளைக்கு ஏதாவது ஆனா அன்னிக்கு அவங்க சொல்றதுதான் விலை. அப்புறம் வெள்ளத்துக்கு ஸ்பெஷல் பெரில்ஸ் தனியா சேக்கணும், சாதா கம்ப்ரிஹென்சிவ்ல வெள்ளம் வராது. 2021 டிசம்பர்ல ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவுல என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், அதுக்கப்புறம் என் ஒர்க்‌ஷாப் வாசல்ல வரிசையா நின்ன காடிங்கள்ல பாதிப் பேரு அந்தக் கவர் எடுக்கல. பட்டர்வொர்த்தும் தாழ்வான எடம்தான், இந்தக் காடிங்க தரையோட ஒட்டி இருக்கு, கேமன்ல எஞ்சின் நடுவுல கீழ உக்காந்திருக்கு. என்சிடி, அதாவது கிளெய்ம் பண்ணாததுக்குக் குடுக்குற கழிவு, உங்களுக்கு 55 விழுக்காடு இருக்குன்னா அத மைவில இருந்து இதுக்கு மாத்த முடியுமான்னு ஏஜென்ட கேளுங்க, அங்கயே ஆயிரக்கணக்குல மிச்சம்.

விலை நிக்கிறது பத்தி கேட்டிருந்தீங்க. பெட்ரோல் 718 தயாரிப்ப போர்ஷே 2025-ல நிறுத்திருச்சு. அதனால விலை ஏறும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன், விக்கிறவங்க அத வச்சிதான் இப்ப பேசுவாங்க, அதுக்காக ஒரு வெள்ளி கூட அதிகம் குடுக்காதீங்க.

நீங்க அனுப்பின ஃபோட்டோவுல அந்த வெள்ளக் கலர் கேமன் எஸ், வலது முன் ஃபென்டருக்கும் கதவுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி இடது பக்கத்தவிட கொஞ்சம் அகலமா எனக்குத் தெரியுது. ஃபோட்டோ கோணமா கூட இருக்கலாம். ஆனா ஷீட் பாக்காம புக்கிங் காசு கட்டாதீங்க. முன் பம்பர் கழட்ட ஒத்துக்குவாரான்னு கடைக்காரர்கிட்ட நாளைக்கே கேளுங்க, ஷீட்ட எனக்கு அனுப்புங்க, ஜப்பானிய எழுத்து படிக்கத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் என்கிட்ட வேலை செய்றான். சனிக்கெழம மத்தியானம் ஒரு மணிக்கு கடைய மூடிருவோம், அதுக்குள்ள வந்தா அன்னிக்கே பாத்துச் சொல்றேன்.